கம்பிக்கு யார் காசு கொடுப்பது?

"சோலார் போட்டாச்சா? இப்ப பில் எவ்வளவு வருது?" கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போதுகூட இந்தக் கேள்வி காதில் விழுகிறது. முந்நூறு ரிங்கிட் வந்த இடத்தில் இப்போது ஐம்பதுகூட வருவதில்லை என்று ஒருவர் சொன்னால், பக்கத்தில் நிற்பவர் அங்கேயே குத்தகையாளரின் கைப்பேசி எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார். போட்டவருக்கு லாபமா இல்லையா என்பது நல்ல கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல ஆள் நிறைய உண்டு. இந்த வாரம் நான் கேட்க நினைப்பது வேறு. ஒரு தெருவில் பத்து வீட்டுக் கூரையில் சோலார் ஏறினால், ஏறாத பதினோராவது வீட்டின் பில்லுக்கு என்ன ஆகும்?

மின்சாரம் அரிசி மூட்டை மாதிரி இல்லை. கம்பிக்குள் அதை இருப்பு வைக்க முடியாது. நாடு முழுக்க இந்த நொடியில் எவ்வளவு செலவாகிறதோ, அவ்வளவுதான் இந்த நொடியில் உற்பத்தியாக வேண்டும். கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. இந்தச் சமநிலையைக் காட்டும் நாடித்துடிப்புதான் 50 ஹெர்ட்ஸ் என்கிற அலைவெண். அது கொஞ்சம் இறங்கினாலே கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ரொம்ப இறங்கினால் பகுதி பகுதியாக இருட்டடித்துத்தான் மிச்சத்தைக் காப்பாற்ற முடியும்.

தோட்டப்புறத்தில் வளர்ந்த பெரியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பல தோட்டங்களில் நிர்வாகத்தின் எஞ்சின்தான் லயத்து வீடுகளுக்கு விளக்குக் கொடுத்தது. மாலையில் ஓடத் தொடங்கும், இரவு குறிப்பிட்ட நேரத்தில் நின்றுவிடும். எல்லாரும் ஒரே சமயத்தில் இஸ்திரிப் பெட்டியைப் போட்டால் விளக்கு மங்கும். ஓர் எஞ்சின், அதிலிருந்து போகும் கம்பி, கம்பியின் முனையில் வீடு. பெரிய மின்நிலையமும் அதே கதைதான், அளவுதான் வேறு. மின்சாரம் ஒரே திசையில் ஓடும், காசு எதிர்த்திசையில் போகும். நூறு வருடமாக இந்த ஏற்பாட்டின் மேல்தான் கம்பி, மின்மாற்றி, கட்டணம் எல்லாம் கட்டப்பட்டிருக்கின்றன. வீட்டுக் கூரை இந்த ஒருவழிப் பாதையை இருவழியாக மாற்றிவிட்டது.

அப்படி மாறினால் என்னவெல்லாம் நடக்கும் என்பதை நமக்கு முன்னால் பார்த்துவிட்ட இடம் தெற்கு ஆஸ்திரேலியா. அடிலெய்டைத் தலைநகராகக் கொண்ட அந்த மாநிலத்தில் மூன்றில் ஒன்றுக்கும் மேற்பட்ட வீடுகளில் சோலார் உண்டு. கடைசி நிலக்கரி மின்நிலையத்தை 2016 மே மாதம் மூடினார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 28ஆம் தேதி வீசிய புயலில் உயரழுத்தக் கோபுரங்கள் சாய்ந்து மாநிலம் முழுவதும் இருளில் மூழ்கியது. அந்த அதிர்ச்சியில்தான் பேட்டரி பக்கம் அவர்கள் பார்வை திரும்பியது. ஹார்ன்ஸ்டேல் என்ற இடத்தில் டெஸ்லா கட்டிக் கொடுத்த 100 மெகாவாட் பேட்டரி 2017 டிசம்பர் 1 முதல் இயங்கத் தொடங்கியபோது, உலகத்திலேயே பெரிய லித்தியம் பேட்டரி அதுதான்.

ஆனால் அடுத்து வந்த சிக்கல் யாரும் அவ்வளவாக எதிர்பார்க்காத திசையிலிருந்து வந்தது. மின்சாரம் பற்றாமல் போகும் சிக்கல் இல்லை, மிஞ்சிப் போகும் சிக்கல். வசந்த காலத்து ஞாயிற்றுக்கிழமை மதியத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நல்ல வெயில், ஆனால் குளிரூட்டி போடும் அளவுக்குச் சூடில்லை. தொழிற்சாலைகள் மூடியிருக்கின்றன. லட்சக்கணக்கான கூரைகள் மட்டும் முழு வீச்சில் உற்பத்தி செய்கின்றன. கட்டுப்பாட்டு அறைக்கு இந்தக் கூரைகள் நேரடியாகக் கண்ணில் படுவதில்லை. மாநிலத்தில் மின்சாரத்தின் தேவையே காணாமல் போய்விட்டது போல்தான் அங்கே திரையில் தெரியும். 2023 டிசம்பர் 31 அன்று அது பூஜ்யத்துக்கும் கீழே போனது. மாநிலத்தின் மொத்தத் தேவையையும் கூரைகளே தந்து, அதற்கு மேலும் மிச்சமிருந்தது.

கேட்க ஆனந்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அண்டை மாநிலத்தோடு இணைக்கும் கம்பி அறுந்த நேரத்தில் அப்படி மிஞ்சினால்? 2022 நவம்பர் 12 அன்று மறுபடியும் ஒரு புயல். டெய்லம் பெண்ட் அருகே கோபுரம் சாய்ந்தது. தெற்கு ஆஸ்திரேலியா ஒரு வாரம் தனித் தீவாக நின்றது. உபரியை விக்டோரியாவுக்குத் தள்ளிவிட வழியில்லை. எல்லா எரிவாயு நிலையத்தையும் அணைத்துவிடவும் முடியாது, அலைவெண்ணைப் பிடித்து நிறுத்தச் சில பெரிய இயந்திரங்கள் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். கடைசியில் மக்கள் வீட்டுக் கூரைகளையே குறைக்கச் சொன்னார்கள்.

அதற்கான சட்டம் தயாராக இருந்தது. மாநிலம் இருண்டு சரியாக நான்கு ஆண்டு கழித்து, 2020 செப்டம்பர் 28 முதல், புதிதாகப் போடும் ஒவ்வொரு சோலாரும் அவசரத்தில் தொலைவிலிருந்து நிறுத்தக்கூடியதாக இருக்க வேண்டும் என்று விதித்திருந்தார்கள். 2021 மார்ச் 14 அன்று முதல் முறையாக அந்தப் பொத்தானை அழுத்தினார்கள். என் காசு, என் கூரை, என் வெயில், நிறுத்த நீ யார் என்று கேட்டவர்கள் உண்டு. நியாயமான கோபம்தான். ஆனால் தெருக் கம்பி அவருடையது மட்டும் இல்லையே.

சாயங்காலம் இதற்கு நேர்மாறு. சூரியன் இறங்கும், கூரைகள் எல்லாம் ஒன்றாகப் படுத்துவிடும். அதே நேரத்தில்தான் மக்கள் வீடு திரும்பி அடுப்பையும் குளிரூட்டியையும் தொலைக்காட்சியையும் போடுவார்கள். மின்நிலையங்கள் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் மலையேற வேண்டியிருக்கும். கலிபோர்னியாவின் மின்கட்டமைப்பை நடத்துபவர்கள் 2013இல் இதை வரைபடமாகப் போட்டபோது, மதியம் தொங்கும் வயிறும் மாலையில் நிமிரும் கழுத்துமாக ஒரு வாத்து மாதிரி இருந்தது. 'வாத்து வளைவு' என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஆஸ்திரேலிய மொத்தச் சந்தையில் மதிய நேரத்து விலை பூஜ்யத்துக்குக் கீழே போவது இப்போது சகஜம். அதாவது மின்சாரத்தை எடுத்துக்கொள்பவருக்கே காசு. அதே நாள் இரவு ஏழு மணிக்கு விலை எகிறும்.

ஆக, பஞ்சம் மின்சாரத்துக்கு இல்லை, நேரத்துக்கு. மதியத்தை எடுத்து இரவில் வைக்கும் பாத்திரம்தான் பேட்டரி.

வீட்டுப் பேட்டரியைத் தனித்தனியாகப் பார்த்தால் சின்ன விஷயம், பத்துப் பதினைந்து யூனிட் பிடிக்கும் பெட்டி. நூற்றுக்கணக்கில் இணையத்தால் கோத்து ஒரே கட்டளைக்கு ஆடவிட்டால் அதற்குப் பெயர் மெய்நிகர் மின்நிலையம். 2019 அக்டோபர் 9 அன்று குவீன்ஸ்லாந்தில் கோகன் கிரீக் நிலக்கரி நிலையம் திடீரென்று நின்றுபோனது. 748 மெகாவாட் ஒரே கணத்தில் போயிற்று, அலைவெண் சரிந்தது. அங்கிருந்து வெகு தூரத்தில், அடிலெய்டு பக்கத்து வீடுகளின் சுவரில் மாட்டியிருந்த பேட்டரிகள் அந்தச் சரிவைத் தாமாகவே உணர்ந்து கம்பிக்குள் மின்சாரத்தைச் செலுத்தின. பெரிய நிலையங்களும் கைகொடுத்துத்தான் நிலைமை சரியானது, வீடுகளே காப்பாற்றின என்று சொன்னால் அது மிகை. ஆனால் வீட்டுப் பெட்டிகள் மின்நிலையத்தின் வேலையைச் செய்ய முடியும் என்பது அன்றைக்கு நிரூபணமானது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் இன்னொன்று. அந்தத் திட்டத்தில் முதலில் சோலாரும் பேட்டரியும் ஏறியவை வசதியான வீடுகள் இல்லை. குறைந்த வருமானக்காரர்கள் குடியிருந்த அரசு வாடகை வீடுகள். குடியிருப்பவர் முன்பணம் எதுவும் கட்டவில்லை, அவருக்குக் கிடைத்தது மலிவான கட்டணம். பேட்டரியைப் பொதுவேலைக்குப் பயன்படுத்தும் உரிமை திட்டத்தை நடத்துபவருக்கு. இந்த உதாரணத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

இனி நம் வீட்டுக் கணக்கு. 2025 ஜூலை 1 முதல் தீபகற்பத்தில் மின்கட்டணம் புது வடிவத்துக்கு மாறியது. முன்பு ஒரே விலையாகத் தெரிந்ததை இப்போது பிரித்துக் காட்டுகிறார்கள். வழக்கமான வீட்டுக்கு ஒரு யூனிட்டுக்கு ஆற்றல் கட்டணம் 27.03 சென், திறன் கட்டணம் 4.55 சென், கட்டமைப்புக் கட்டணம் 12.85 சென். கடைசி இரண்டையும் கூட்டினால் 17.40 சென். மின்நிலையம் தயாராக நிற்பதற்கும், கம்பியும் மின்மாற்றியும் வேலையாட்களும் இருப்பதற்கும் நாம் கொடுக்கும் காசு அது. எரிபொருளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மாதம் 500 யூனிட் செலவழிக்கும் வீடு, சலுகைக் கழிவுக்கு முன், இதற்காக மட்டும் 87 ரிங்கிட் கட்டுகிறது. பக்கத்து வீட்டிலும் அதே 500 யூனிட்தான், ஆனால் கூரையில் 4 கிலோவாட் சோலார். அது மாதம் 400 யூனிட் தருகிறது என்று வைப்போம். எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விடுவதால் பகலில் 100 யூனிட்தான் வீட்டிலேயே செலவாகிறது. மிச்சம் 300 தெருக் கம்பிக்குப் போகிறது. இரவில் 400 யூனிட் கம்பியிலிருந்து வருகிறது. 'நெம்' என்று சுருக்கமாகச் சொல்லும் பழைய நிகர அளவீட்டுத் திட்டத்தில் கொடுத்ததும் எடுத்ததும் ஒன்றுக்கு ஒன்று கழிந்துவிடும். நூறு யூனிட்டுக்குத்தான் பில். கம்பிப் பங்கு 17 ரிங்கிட் 40 சென். இத்தனைக்கும் அந்த வீட்டின் வாசல் கம்பியில் போனதும் வந்ததுமாக 700 யூனிட் ஓடியிருக்கிறது, எதிர்வீட்டை விட அதிகம்.

சோலார்காரர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. அரசு போட்ட திட்டம், அவர் சேர்ந்தார். அவர் மதியம் அனுப்பும் மின்சாரம் நாலு வீடு தள்ளி ஓடும் குளிரூட்டிக்குப் போகிறது, அந்த அளவுக்கு எரிவாயுவும் நிலக்கரியும் மிச்சம். நம் நாட்டில் அலுவலகமும் தொழிற்சாலையும் குளிரூட்டியை முறுக்கும் நேரமும் வெயில் நேரமும் பெருமளவு ஒத்துப்போவதால், தெற்கு ஆஸ்திரேலியாவைவிட இங்கே கூரைச் சோலாரின் பலன் கூடுதல். சோலார் வீடுகளின் எண்ணிக்கையும் இன்னும் சிறியது. ஆனால் எண்ணிக்கை சிறியதாக இருக்கும்போதுதான் விதிகளைச் சரியாக எழுத முடியும்.

பெரியதான பிறகு என்ன ஆகும் என்று பார்க்கப் பாகிஸ்தான் பக்கம் திரும்பலாம். அங்கே மின்நிலையங்களுக்கு, ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டிய ஒப்பந்தத் தொகை மலைபோல் இருந்தது. கட்டணம் ஏறியது. சீனாவிலிருந்து சோலார் தகடுகள் கொள்ளை மலிவாக வந்தன. 2024இல் மட்டும் ஏறத்தாழ 17 ஜிகாவாட் இறக்குமதி. எந்தப் பெரிய அரசுத் திட்டமும் தள்ளிவிடாமல், மக்கள் தாமாகவே வாங்கி ஏற்றினார்கள். வசதியுள்ளவர் கட்டமைப்பிடம் வாங்குவதைக் குறைக்கக் குறைக்க, அதே நிலையான செலவு மிச்சமிருப்பவர்கள் தலையில் ஏறுகிறது. அவர்கள் கட்டணம் உயர, அவர்களிலும் முடிந்தவர் கூரைக்குப் போகிறார். கடைசிவரை நிற்பவர் யார்? கூரை இல்லாதவரும் முன்பணம் இல்லாதவரும்தான்.

நம் நாட்டில் 'நெம் 3.0' விண்ணப்பங்கள் 2025 ஜூன் 30உடன் முடிந்தன. அடுத்து 2026 ஜனவரியில் வந்த 'சோலார் அத்தாப்' திட்டத்தில் அந்தப் பழைய தாராளம் இல்லை. பலருக்கு வருத்தம். எனக்கு, உண்மையைச் சொன்னால், இந்தத் திருத்தத்தில் குறை தெரியவில்லை. கலிபோர்னியா 2023 ஏப்ரலிலும், ஹவாய் அதற்கு முன்பே 2015 அக்டோபரிலும் இதையே செய்தன. ஹவாயில் அதற்குப் பிறகு சோலார் நின்றுவிடவில்லை, பேட்டரியோடு சேர்ந்து ஏறத் தொடங்கியது. காரணம் எளிது. வெளியே அனுப்பும் யூனிட்டுக்கு ஆற்றல் கட்டணமான 27 சென் மட்டும் கழியும் என்று வைத்துக்கொண்டால், அதையே பேட்டரியில் வைத்து இரவில் நீங்களே பயன்படுத்தினால் 44 சென் மிச்சமாகும். ஒரு யூனிட்டுக்கு 17 சென் வித்தியாசம். தினமும் பத்து யூனிட் என்றால் மாதம் ஐம்பது ரிங்கிட்டைத் தாண்டும்.

சரி, சோலார் இல்லாத வீட்டுக்காரர் பேட்டரி மட்டும் வாங்கி, மலிவான நேரத்தில் நிரப்பி, விலை கூடிய நேரத்தில் செலவழித்தால்? நேரவாரிக் கட்டணம் இப்போது வீடுகளுக்கும் உண்டு. வார நாட்களில் மதியம் 2 முதல் இரவு 10 வரை உச்ச நேரம், மற்ற நேரமும் சனி ஞாயிறும் மலிவு. துணி துவைக்கும் இயந்திரத்தைக் காலையிலேயே போட்டுவிடும் அம்மாக்களுக்கு இது உதவும். ஆனால் இரண்டு விலைக்கும் உள்ள வித்தியாசம் யூனிட்டுக்கு ஏறத்தாழ 4 சென். தினமும் பத்து யூனிட் மாற்றினால் நாளைக்கு 40 சென், 22 வேலை நாளுக்கு 8 ரிங்கிட் 80 சென். இதற்காகப் பல ஆயிரம் ரிங்கிட் போட்டு யார் பேட்டரி வாங்குவார்? கட்டமைப்புக்கு மாலையில் உதவி வேண்டும் என்றால் மாலைக்கு உரிய விலையைச் சொல்ல வேண்டும். நாலு சென்னைக் காட்டி யாரையும் கூப்பிட முடியாது.

பேட்டரி பற்றி ஒரு குறிப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலருக்கு இது தெரியாது. சாதாரணக் கூரைச் சோலார், தெருவில் மின்தடை வந்தால் உங்கள் வீட்டிலும் நின்றுபோகும். வெயில் கொளுத்தினாலும் மின்விசிறி சுற்றாது. அறுந்த கம்பியைப் பழுதுபார்க்க ஏறும் தொழிலாளியை உங்கள் கூரை மின்சாரம் தாக்கிவிடக்கூடாது என்பதற்காக இன்வெர்ட்டர் தானாக அணைந்துவிடும். தடையின்போதும் வீடு ஓட வேண்டுமானால், அதற்கென்று அமைத்த பேட்டரியும் இன்வெர்ட்டரும் வேண்டும். விற்பவர் இதைச் சொன்னாரா என்று கேளுங்கள்.

நம் வானத்துக்கும் பேட்டரி தேவை. மூன்று மணிக்குக் கருமேகம் திரண்டால் ஒரு தாமான் முழுக்க உள்ள கூரைகள் சில நிமிடத்தில் அடங்கிவிடும். பெரிய அளவில் இதற்குத் தயாராகவே எரிசக்தி ஆணையம் நான்கு மணி நேரம் தாங்கக்கூடிய 400 மெகாவாட் பேட்டரிக்கு ஏலம் விட்டிருக்கிறது. அது நல்ல தொடக்கம். அந்தச் செலவும் கடைசியில் எல்லாருடைய பில்லிலும்தான் வரும் என்பதால், அதன் பலனும் எல்லாருக்கும் வர வேண்டும்.

அந்த 'எல்லாருக்கும்' என்ற சொல்லில்தான் சிக்கல். நம்மவர்களில் எத்தனை பேருக்குச் சொந்தக் கூரை இருக்கிறது? மலிவு விலை அடுக்குமாடியில் பத்தாவது மாடியில் இருப்பவருக்குக் கூரை எங்கே? வாடகை வீட்டில் இருப்பவர் முதலாளி கூரையில் ஆணி அடிக்க முடியுமா? கூரைச் சலுகை எதுவாக இருந்தாலும், 2024இல் கொடுத்த 4,000 ரிங்கிட் வரையிலான ரொக்க உதவியையும் சேர்த்து, கூரை உள்ளவரிடம்தான் போய்ச் சேர்கிறது.

ஆஸ்திரேலியாவும் இதில் தவறியது. 2025 ஜூலை 1 முதல் வீட்டுப் பேட்டரிக்கு ஏறத்தாழ 30 விழுக்காடு தள்ளுபடி கொடுத்தார்கள். ஆறு மாதத்துக்குள் லட்சத்துக்கும் மேல் ஏறிவிட்டன. முதலில் ஒதுக்கிய 230 கோடி டாலர் போதாது என்று அதே ஆண்டு டிசம்பரில் 720 கோடியாக உயர்த்தினார்கள். சொந்த வீட்டுக்காரர்களுக்குக் கொண்டாட்டம். மற்றவர்களுக்கு? அந்தக் கேள்விக்கு 2025 நவம்பரில் அந்த அரசு சொன்ன பதில் எனக்குச் சுவையாகப் பட்டது. ஸ்மார்ட் மீட்டர் வைத்திருக்கும் வீடுகளுக்கு, சோலார் இருந்தாலும் இல்லாவிட்டாலும், 2026 ஜூலை முதல் சில மாநிலங்களில் மதியம் மூன்று மணி நேரம் மின்சாரம் இலவசமாகத் தரும் கட்டணத் திட்டம். கூரைகளில் மிஞ்சுவதைக் கூரை இல்லாதவர் எடுத்துக்கொள்ளட்டும் என்ற கணக்கு. வாடகைக்கு இருப்பவர் அந்த நேரத்தில் சோறு வடிக்கலாம், துணி துவைக்கலாம், மின்கார் இருந்தால் ஏற்றிக்கொள்ளலாம்.

பக்கத்தில் சிங்கப்பூர் இன்னொரு வழி. அங்கே வீவக புளோக்குகளின் கூரையில் சோலார் வைத்து, மின்தூக்கிக்கும் நடைவழி விளக்குக்கும் தண்ணீர் இறைக்கும் பம்புக்கும் கொடுக்கிறார்கள். மிச்சம் கட்டமைப்புக்கு. ஒருவர் பில்லும் தனியாகக் குறைவதில்லை, எல்லாரும் பயன்படுத்தும் மின்தூக்கிக்கு ஆகும் செலவு குறைகிறது.

நம் மலிவு விலை அடுக்குமாடிகளில் மின்தூக்கிப் பராமரிப்புக்குக் காசில்லாமல் அது மாதக்கணக்கில் நின்றுகிடப்பதும், வயதானவர்கள் மூச்சிரைக்க மாடிப்படி ஏறுவதும் செய்தியில் வருகிறது. அதே கட்டடங்களின் மேல்தளம் வெயிலில் வெறுமனே காய்கிறது. சோலாரும் பேட்டரியும் வைக்கும் பொதுப்பணம் முதலில் அங்கே ஏறட்டும். அடிலெய்டு வாடகை வீடுகளில் செய்ததுபோல, மாலை நேரத்தில் அந்தப் பேட்டரியைக் கட்டமைப்பு பயன்படுத்திக்கொள்ளட்டும், அதற்கான வாடகையைக் கூட்டு நிர்வாகக் குழுவின் கணக்கில் போடட்டும். உங்கள் அடுக்குமாடியின் அடுத்த ஆண்டுக் கூட்டத்தில், மேல்தளம் யார் பொறுப்பில் இருக்கிறது, அதில் எவ்வளவு இடம் காலி, பொது மின்சார பில் மாதம் எவ்வளவு என்ற மூன்றையும் கேட்டு எழுதி வாங்குங்கள். இந்த மூன்று எண்ணும் கையில் இருந்தால்தான் எந்த அலுவலகத்திலும் பேச்சு எடுபடும்.